வடிவியல் கேள்வி குழப்பினால்: படமா, சொற்களா, நிரூபணமா, ஊகமா?

போட்டித் தேர்வில் ஒரு வடிவியல் கேள்வி கடினமாக இருந்தால் அது தேர்வரின் பிரச்சினை. அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்பதே தெளிவாக இல்லையென்றால் அது வினாத்தாள் தயாரித்தவரின் பிரச்சினை. ஆனால் இரண்டிலும் மதிப்பெண் போவது தேர்வருக்குத்தான். இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தவர் ஒரே ஒரு அர்த்தத்தைப் பார்த்து, விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆழமாகப் படித்தவரின் கண்ணில்தான் இரண்டாவது அர்த்தம் படும். அவர்தான் அதே கேள்வியில் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிடுவார்.

அப்படி மாட்டிக்கொள்ளும்போது இருக்கும் வழிகள் அதிகமில்லை. படத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். படத்தை ஒதுக்கிவிட்டு எழுத்தில் உள்ளதை மட்டும் நம்பலாம். நாமே நிரூபித்த விடையைக் குறிக்கலாம். வினா எழுதியவர் எதை நினைத்திருப்பார் என்று ஊகித்து அதைக் குறிக்கலாம். விட்டுவிட்டு நகரலாம். தேர்வு முடிந்த பிறகு ஆட்சேபம் எழுதலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படமா சொற்களா என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. அந்தத் தேர்வு அச்சிட்டுத் தரும் முன்குறிப்புதான் தீர்மானிக்க வேண்டும். நிரூபணமா ஊகமா என்பதை விடைப் பட்டியல், அதாவது கேள்விக்குக் கீழே தரும் தெரிவுகள், தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகும் தெளியவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சில உண்மையான கேள்விகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படமா, சொற்களா

பல தேர்வர்கள் முன்குறிப்பைப் படிப்பதே இல்லை. கணிதம் எங்கும் ஒன்றுதானே என்ற நினைப்பு. கணிதம் ஒன்றுதான், ஆனால் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் கணிதப் பகுதிக் குறிப்பு, வேறுவிதமாகச் சொல்லாத வரை படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்கிறது. அதே சேர்க்கைக்கான இன்னொரு தேர்வான ஏசிடியின் குறிப்பு ஏறக்குறைய நேர்மாறானது: விளக்கப் படங்கள் அளவுப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ இன்னும் விரிவாகச் சொல்லிவிடுகிறது. நீளத்தையும் கோணத்தையும் படத்தின் தோற்றத்தை வைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நேராகத் தெரியும் கோடு நேர்கோடுதான். ஒரு கோட்டின் மீதுள்ள புள்ளிகள் காட்டிய வரிசையில்தான் இருக்கின்றன. வடிவங்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் நிலையும் காட்டியபடிதான். ஆயத்தொலைவுத் தளமும் எண் கோடும் அங்கேயும் அளவுப்படி வரையப்பட்டவை.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காட்ட ஒரே ஒரு முக்கோணம் போதும். ஏ, பி, சி என்று மூன்று முனைகள். ஏ முனையில் கோணம் 30°. ஏசி பக்கத்தின் நீளம் 10, பிசி பக்கத்தின் நீளம் 6. படத்தில் பி கோணம் குறுங்கோணமாகத் தெரிகிறது. கேள்வி: பி கோணம் 90°-ஐ விடப் பெரியதா, சிறியதா?

படத்தை மூடிவிட்டுச் சொற்களை மட்டும் வைத்து வரைந்து பாருங்கள். ஏ-யிலிருந்து 30° சாய்வில் ஏசி-யை வரைந்தால், சி புள்ளி அடிக்கோட்டுக்கு மேலே சரியாக 5 அலகு உயரத்தில் இருக்கும். இப்போது சி-யை மையமாக வைத்து 6 அலகு ஆரத்தில் ஒரு வில் வரைகிறோம். 6 என்பது 5-ஐ விடப் பெரியது, அதனால் வில் அடிக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். 6 என்பது 10-ஐ விடச் சிறியது, அதனால் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் ஏ-க்கு ஒரே பக்கத்தில்தான் விழும். ஆக பி புள்ளிக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஏபி நீளம் ஏறத்தாழ 11.98, பி கோணம் 56.4°. மற்றதில் ஏபி நீளம் 5.34, பி கோணம் 123.6°. இரண்டு முக்கோணமும் கொடுத்த தகவலுக்கு முழுசாகப் பொருந்துகின்றன.

இந்தக் கேள்வி எஸ்ஏடியில் வந்தால், படம் அளவுப்படி வரையப்பட்டது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், படத்தில் குறுங்கோணம் தெரிகிறது, ஆகவே 90°-ஐ விடச் சிறியது. முடிந்தது. இதே கேள்வி, இதே படத்தோடு ஜிஆர்இயின் அளவு ஒப்பீட்டுப் பகுதியில் வந்தால் விடை வேறு. அங்கே நான்காவது தெரிவு எப்போதும் ‘கொடுத்த தகவலை வைத்துத் தீர்மானிக்க முடியாது’ என்பதுதான். இங்கே அதுதான் சரியான விடை. ஒரே படம், ஒரே எண்கள், இரண்டு விடைகள், இரண்டுமே சரி. எஸ்ஏடிக்குப் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து ஜிஆர்இ எழுதப் போகிறவர் பழைய பழக்கத்திலேயே போனால் இந்த இடத்தில் சறுக்குவார். எனக்குத் தெரிந்து வடிவியலில் ‘குழப்பமான கேள்வி’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். கேள்வியில் குழப்பம் இல்லை. எந்த விதிப்படி படிக்க வேண்டும் என்று தெரியாததுதான் குழப்பம்.

படத்தை நம்பலாம் என்று விதி அனுமதித்தாலும் எதற்கு நம்பலாம் என்று ஒரு எல்லை இருக்கிறது. 56° முக்கோணமா, 124° முக்கோணமா என்று பிரித்தறிய படம் அருமையாக உதவும். இது செங்கோணமா, இந்த இரண்டு பக்கமும் சமமா என்று முடிவுகட்ட உதவவே உதவாது. 88°-க்கும் 90°-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. தொலைவில் இருக்கும் இரண்டு அர்த்தங்களில் ஒன்றைத் தள்ளப் படத்தைப் பயன்படுத்துங்கள்; சமம் என்று சொல்ல ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

படமே இல்லாத கேள்வியில் சொற்கள் மட்டும்தான். ‘ஏ, பி, சி ஒரே கோட்டில் உள்ளன, ஏபி = 5, பிசி = 3, ஏசி எவ்வளவு?’ என்று கேட்டால் பலரும் உடனே 8 என்பார்கள், ஏனென்றால் கை தானாகவே ஏ, பி, சி என்ற வரிசையில் புள்ளி வைத்துவிடுகிறது. சி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 2. படம் இல்லாவிட்டால் இரண்டு விதமாகவும் வரைந்து பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆக வேண்டும். படம் கொடுத்து, அதில் வரிசை தெரிந்தால், ஜிஆர்இயில்கூட அந்த வரிசையை நம்பலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்குறிப்பு எதுவுமே சொல்லாத தேர்வாக இருந்தால்? சொற்களின் பக்கம்தான் நான் நிற்பேன். பின்னால் ஆட்சேபம் எழுத வேண்டி வந்தால் சொற்களை வைத்து நிரூபிக்கலாம். ‘படத்தில் அப்படித் தெரிந்தது’ என்பது நிரூபணம் ஆகாது.

நிரூபணமா, ஊகமா

இது உண்மையிலேயே கடினமான இடம். எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக நடத்தப்படும் பிஎஸ்ஏடி தேர்வில் 1980 அக்டோபரில் வந்த கேள்வி இதைத் துல்லியமாகக் காட்டுகிறது.

இரண்டு பிரமிடுகள். ஒன்றுக்கு நான்கு முகங்கள், நான்கும் சமபக்க முக்கோணங்கள். இன்னொன்றுக்கு அடி சதுரம், அதன் மேல் நான்கு சமபக்க முக்கோணங்கள், ஆக ஐந்து முகங்கள். எல்லா விளிம்புகளும் ஒரே நீளம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு முக்கோண முகத்தை எடுத்து, முனைகள் பொருந்தும்படி ஒட்டினால், கிடைக்கும் திண்மத்துக்கு வெளியே தெரியும் முகங்கள் எத்தனை? தெரிவுகள் 5, 6, 7, 8, 9.

சாதாரணமாக யோசித்தால் 4 + 5 = 9; ஒட்டிய இரண்டு முகங்கள் மறைந்துவிடும்; 7. வினாத்தாளைத் தயாரித்த இடிஎஸ் நிறுவனத்தின் விடைக்குறிப்பும் 7 என்றுதான் சொன்னது. புளோரிடாவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் 5 என்று குறித்திருந்தார். அவருக்கு அது தவறு என்று வந்தது. அவர் விடவில்லை, மாதிரி செய்து பார்த்து, தன் விடைதான் சரி என்று காட்டினார். 1981 மார்ச்சில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 5 என்று குறித்திருந்தவர்களின் மதிப்பெண் உயர்த்தப்பட்டது; 2,40,000 பேருக்கு அதனால் பலன் கிடைத்தது.

ஏன் 5? சதுர அடி கொண்ட அதே மாதிரிப் பிரமிடுகள் இரண்டை மேசையில் பக்கத்தில் பக்கத்தில், அடி விளிம்பு ஒட்டியிருக்கும்படி வையுங்கள். அடி விளிம்பின் நீளம் 1 என்றால், இரண்டு உச்சிகளுக்கும் இடையே உள்ள தூரமும் 1-தான். ஏனென்றால் ஒவ்வொரு உச்சியும் தன் சதுரத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. இப்போது இரண்டு பிரமிடுகளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிகிறது. அதன் ஆறு விளிம்புகளும் 1 அலகு. அதாவது அந்த இடைவெளியில் நம் நான்கு முகப் பிரமிடு கச்சிதமாக உட்காரும். முன்பக்கம் பார்த்தால் இரண்டு பிரமிடுகளின் முன்முகங்களும் ஒரே தளத்தில் சாய்ந்திருக்கின்றன. நடுவில் செருகிய பிரமிடின் முன்முகத்தின் மூன்று முனைகளும் அதே தளத்தில்தான் இருக்கின்றன. ஆகவே மூன்றும் ஒரே முகமாகிவிடும். பின்பக்கமும் அப்படியே. ஒரு சதுரப் பிரமிடை எடுத்துவிட்டால், மீதி இருப்பது நம் கேள்வியின் திண்மம். ஏழு முகங்களில் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி ஒன்றாகிவிட, மிஞ்சுவது 5. கோணக் கணக்கில் பார்த்தாலும் அதேதான்: ஒன்றில் இரு முகங்களுக்கு இடையே 70.53°, மற்றதில் 109.47°, கூட்டினால் 180°.

இந்தக் கேள்வியில் ‘எழுதியவர் என்ன நினைத்திருப்பார்’ என்று யோசித்திருந்தால் 7 வந்திருக்கும். தேர்வு முடிந்த முதல் சில மாதங்களுக்கு அது மதிப்பெண்ணும் வாங்கித் தந்திருக்கும். ஆனாலும் நிரூபணம் கையில் இருப்பவர் 5-ஐத்தான் குறிக்க வேண்டும் என்கிறேன். கொள்கைப் பிடிவாதத்தால் சொல்லவில்லை. நீங்கள் கஷ்டப்பட்டு நிரூபித்த விடை தெரிவுகளில் இருக்கிறது என்றால், அது தற்செயலாக அங்கே வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. நல்ல வினாத்தாளில் தவறான தெரிவுகள், தேர்வர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைக் கணக்கிட்டு வைக்கப்படுபவை. எளிதாக வரும் விடை ஒன்றும் ஆழமாக யோசித்தால் வரும் விடை ஒன்றும் இரண்டுமே பட்டியலில் இருந்தால், பெரும்பாலான சமயம் எளிதானதுதான் பொறி. இடிஎஸ் போன்ற இடத்தில் எழுதியவரே பொறியில் விழுந்தது அபூர்வம். அபூர்வத்தை எதிர்பார்த்து விடை குறிக்க முடியாது.

இனி 1982 மே மாத எஸ்ஏடியில் வந்த வட்டக் கேள்வி. ஏ என்ற சின்ன வட்டத்தின் ஆரம், பி என்ற பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏ வட்டம் பி வட்டத்தின் வெளிப்புறமாக உருண்டு போகிறது. ஏ வட்டம் எத்தனை சுற்றுச் சுற்றியதும் அதன் மையம் முதல்முறையாகப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்? தெரிவுகள் 3/2, 3, 6, 9/2, 9.

சுற்றளவு மூன்று மடங்கு, அதனால் 3. விடைக்குறிப்பும் அதுதான். ஆனால் மேலிருந்து பார்ப்பவர் எண்ணினால் 4 வரும். ஏ-யின் மையம் போகும் பாதை, பி-யின் ஆரத்தோடு ஏ-யின் ஆரத்தையும் சேர்த்த வட்டம்; அதாவது ஏ-யின் ஆரத்தைப் போல் நான்கு மடங்கு ஆரம். வழுக்காமல் உருளும்போது மையம் கடந்த தூரத்தை ஏ-யின் சுற்றளவால் வகுத்தால் சுற்றுக்கணக்கு வரும்: 4. சந்தேகமிருந்தால் ஒரே அளவு நாணயம் இரண்டை எடுத்து ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை அதன் விளிம்பில் உருட்டிப் பாருங்கள். பாதித் தூரம் போனதுமே நாணயத்தின் தலை மறுபடி நேராக நிற்கும். முழுத் தூரத்துக்கு இரண்டு சுற்று, ஒன்றல்ல. பூமிக்கும் இதே கணக்குதான்: ஓராண்டில் சூரியனை வைத்து எண்ணினால் ஏறத்தாழ 365¼ நாள், விண்மீன்களை வைத்து எண்ணினால் ஏறத்தாழ 366¼ சுழற்சி.

இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டில் நின்றுகொண்டு எண்ணுபவருக்கு 3. வானியலாளர் பேசுகிற முறையில், ஒன்றைச் சுற்றி மற்றொன்று வருவதைத்தான் சுற்று என்று எடுத்துக்கொண்டால் 1. மூன்று மாணவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பிறகு இந்தக் கேள்வி மதிப்பெண் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டு, ஏறத்தாழ 3,00,000 பேரின் மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன.

இங்கே தேர்வு அறையில் என்ன செய்திருக்க வேண்டும்? 4 என்று நிரூபித்தவருக்கு அது தெரிவுகளில் இல்லை. 1-உம் இல்லை. மூன்று அர்த்தங்களில் ஒன்றுதான் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 3-ஐக் குறித்துவிட்டு, கேள்வி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். இது உண்மையை விட்டுக்கொடுப்பது அல்ல. தாளில் உண்மைக்கு இடமே வைக்காதபோது, அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்தால் என் வழி தெளிவாகும். உங்கள் நிரூபணம் தந்த விடை பட்டியலில் இருந்தால் அதைக் குறியுங்கள். இல்லையென்றால், முதலில் உங்கள் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள். சரியாக இருந்தால், எந்த அர்த்தத்தில் படித்தால் பட்டியலில் உள்ள விடை வருகிறது என்று தேடி அதைக் குறியுங்கள். ஊகம் எப்போதும் இரண்டாவது படி. அதை முதல் படியாக வைத்துக்கொள்பவர்கள் பொறி வைத்த கேள்விகளிலெல்லாம் விழுவார்கள், ஒரு கேள்வியில் லாபம் பார்த்து நான்கில் இழப்பார்கள்.

பட்டியலே இல்லாத கேள்விகளும் இருக்கின்றன, விடையை நாமே எழுத வேண்டியவை. அங்கே நடுவர் இல்லை. எஸ்ஏடியின் அந்த வகைக் கேள்விகளுக்கான குறிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை கிடைத்தால் ஒன்றை மட்டும் எழுதச் சொல்கிறது. ஆகவே இரண்டு விடை வந்துவிட்டதே என்று அங்கே பதறத் தேவையில்லை. அது அவர்கள் எதிர்பார்த்ததாகவே இருக்கலாம்.

நடக்கவே முடியாத வடிவம்

இன்னொரு வகையை வேகமாகப் பார்த்துவிடலாம். கர்ணம் 10, கர்ணத்துக்கு வரைந்த குத்துயரம் 6. அந்தச் செங்கோண முக்கோணத்தின் பரப்பு என்ன? பாதி பெருக்கல் 10 பெருக்கல் 6, 30 என்று கை எழுதிவிடும். ஆனால் அப்படி ஒரு முக்கோணம் இல்லை. கர்ணத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மீதுதான் செங்கோண முனை இருக்க முடியும். அந்த வட்டத்தின் ஆரம் 5, ஆகவே குத்துயரம் 5-ஐத் தாண்டாது. ‘இப்படி ஒரு முக்கோணம் இல்லை’ அல்லது ‘தீர்மானிக்க முடியாது’ என்று ஒரு தெரிவு இருந்தால் கேள்வியின் நோக்கமே அதுதான். இல்லையென்றால் 30-ஐக் குறியுங்கள். மேலே சொன்ன அதே விதி.

வரையறை மாறுவதால் வரும் குழப்பம் வேறு. இணைகரமும் ஒரு சரிவகம்தானா என்பதற்குப் பாடநூல்களே இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன: ‘குறைந்தது ஒரு ஜோடி இணைப்பக்கம்’ என்பவர்களும் உண்டு, ‘ஒரே ஒரு ஜோடி’ என்பவர்களும் உண்டு. உருளைக்கு எத்தனை முகம் என்பதும் அப்படித்தான். வளைந்த பரப்பை முகமாக எண்ணுவோர் 3 என்பார்கள், எண்ணாதோர் 2 என்பார்கள். இதில் நிரூபணத்துக்கு வேலை இல்லை. தேர்வு நடத்துபவர்களின் பாடத்திட்டமோ, அவர்கள் வெளியிட்ட பழைய வினாத்தாளோ எந்த வரையறையைப் பின்பற்றுகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

விட்டு நகர்வது

விட்டுவிடுவதைத் தோல்வி மாதிரி நினைப்பவர்கள் நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். இப்போதைய எஸ்ஏடியில் கணிதம் இரண்டு பகுதிகளாக வருகிறது; ஒவ்வொன்றிலும் 35 நிமிடத்தில் 22 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 95 வினாடி. குழப்பமான ஒன்றில் ஐந்து நிமிடம் போனால், மற்ற கேள்விகளில் இரண்டின் நேரத்தை எடுத்து அங்கே போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அது மட்டுமல்ல. அந்த 22-இல் இரண்டு கேள்விகள் சோதனைக்காக வைக்கப்பட்டவை, மதிப்பெண்ணில் சேராதவை. எந்த இரண்டு என்று நமக்குத் தெரியாது. குறையுள்ள கேள்வியை மதிப்பெண்ணுக்கு முன்பே பிடிப்பதும் அப்படிச் சோதித்துப் பார்ப்பதன் ஒரு நோக்கம். ஆகவே உங்களைப் படுத்துகிற அந்தக் கேள்வி கணக்கிலேயே வராததாகவும் இருக்கலாம். அதற்காக உறுதியான இரண்டு விடைகளைப் பலி கொடுப்பது நஷ்டம்தான்.

ஆனால் விட்டு நகர்வது வேறு, காலியாக விடுவது வேறு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் காலியாக விடுவதற்குக் காரணமே இல்லை. ஏதாவது ஒன்றைக் குறித்து, திரும்பிப் பார்க்க அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள். குறைக்கிற தேர்வில்தான் யோசிக்க வேண்டும். பழைய எஸ்ஏடியில் 2016 வரை, ஐந்து தெரிவுக் கேள்விக்குத் தவறான விடை என்றால் கால் மதிப்பெண் போகும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு தெரிவை உறுதியாகத் தள்ள முடிந்தால்கூட குறிப்பது லாபம். இரண்டு அர்த்தம் தரும் கேள்வியில் பொதுவாக இரண்டு விடைகளுக்கு நடுவில்தான் நிற்கிறோம். மற்றவை ஏற்கெனவே போய்விட்டன. அப்படிப்பட்ட இடத்தில் மதிப்பெண் குறைப்பு இருந்தாலும் குறிக்கத்தான் வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பை விட்டுவிடுவது தைரியமின்மையே தவிர, எச்சரிக்கை அல்ல.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? சராசரி நேரத்தைத் தாண்டி இன்னொரு அரை நிமிடம். அதற்குள் முன்குறிப்பை நினைத்துப் பார்க்கவும், இரண்டு விதமாக வரைந்து பார்க்கவும், விடைப் பட்டியலோடு ஒப்பிடவும் முடியும். அதற்கு மேல் அந்தக் கேள்வி தகுதியானது இல்லை.

தேர்வுக்குப் பிறகு

ஆட்சேபம் எழுதுவது வீண் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பிரமிடுக் கேள்வியிலும் வட்டக் கேள்வியிலும் திருத்தம் வந்ததே யாரோ எழுதியதால்தான். ஆனால் அதற்கு வினாவும் விடையும் தேர்வரின் கண்ணில் பட வேண்டும். நியூயார்க் மாநிலம் 1979-இல் இயற்றிய சட்டம், இப்படிப்பட்ட சேர்க்கைத் தேர்வுகளை நடத்துபவர்கள் வினாக்களையும் விடைகளையும் வெளியே காட்ட வேண்டும் என்றது. பிரமிடு, வட்டம் இரண்டும் அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வினாத்தாள் வெளியே வராத தேர்வில் ஆட்சேபம் என்ற வழி கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் தேர்வா, கேட்காத தேர்வா என்பதையும் முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. திறந்திருக்கும் தேர்வில், நிரூபித்த விடையைத் துணிந்து குறிக்கலாம். தவறு என்று வந்தாலும் பேச இடம் இருக்கிறது.

எழுதும்போது ‘கேள்வி குழப்பமாக இருந்தது’ என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேள்வியின் சொற்களை அப்படியே எடுத்துப் போடுங்கள். அந்தச் சொற்களுக்கு முழுசாகப் பொருந்தும், ஆனால் விடைக்குறிப்போடு ஒத்துவராத ஒரு வடிவத்தை எண்களோடு காட்டுங்கள். மேலே சொன்ன முக்கோணத்துக்கு 5.34 என்ற நீளம் அப்படிப்பட்டது, பிரமிடுக்கு 70.53°-உம் 109.47°-உம். யாரும் வரைந்து சரிபார்க்கக் கூடிய ஒரு எதிர்க்காட்டு, பத்து பக்க வாதத்தை விட வேகமாக வேலை செய்யும்.

எந்தப் பரிகாரத்தைக் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் பரிகாரங்கள் எல்லாம் ஒன்றல்ல. நிரூபிக்கக் கூடிய ஒரே விடை தெரிவுகளில் இருந்து, விடைக்குறிப்பு வேறொன்றைச் சொன்னால், விடைக்குறிப்பை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரமிடுக்கு அப்படித்தான் 5 ஏற்கப்பட்டது. இரண்டு தெரிவுகள் இரண்டு அர்த்தங்களில் சரியாக இருந்தால் இரண்டையும் ஏற்கச் சொல்லலாம். சரியான விடையே பட்டியலில் இல்லையென்றால் கேள்வியை நீக்குவதுதான் பொருத்தம். வட்டக் கேள்விக்கு அதுதான் நடந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், சரியாக நிரூபித்தவரையும் காலியாக விட்டவரையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எந்தப் பரிகாரமும் அந்தக் கேள்வியில் போன நிமிடங்களைத் திருப்பித் தராது. அந்தப் பகுதியில் அடுத்து வந்த கேள்விகளுக்கு நேரம் போதாமல் போனவருக்கு, கேள்வியை நீக்கினாலும் இழப்பு இழப்புதான். ஆட்சேபத்தில் இதையும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை வினாத்தாளைச் சரிபார்ப்பவர் முன்னால் போய்ச் சேர வேண்டிய வரி அது.